மதகடியில் ஒரு வெறும் பானை

டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், ஐயா. பரவாயில்லை, குடிக்கலாம். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். பாண்டுரங்கன், வயது நாற்பத்தாறு, உத்திரமேரூர். தொழில் என்ற இடத்தில் சாராயம் என்றே போடுங்கள். மதுவிலக்கு வந்து பத்து வருஷமாகிறது. என் சரக்கைக் குடித்து ஒருவனுக்கும் கண் போனதில்லை.

என்னிடம் இரண்டே ஆட்கள், சாமுவேலும் இருசப்பனும். வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல் பானைகளை மண்ணில் புதைப்பது, பதம் வந்ததும் எடுத்துக் காய்ச்சுவது எல்லாம் நாங்கள் மூவர்தான். இந்த மாசியில் போலீஸ் இரண்டு முறை வந்து நேராகப் பானை மேலேயே கடப்பாரையைப் போட்டது. அக்கம்பக்கம் துழாவவே இல்லை. கூட இருக்கிறவன் சொல்லாமல் இது நடக்காது என்று எனக்குப் பட்டது. உங்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

நான் ஆளை அடித்து விசாரிக்கிறவன் இல்லை. அடி தாங்காதவன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான். ஆய்ந்து ஓய்ந்து பாராதவன் தான் சாகக் கடவான் என்பார்களே, நான் ஆய்ந்து பார்க்கிறவன். ஒரு வெறும் பானையை ஏரி மதகடியில் தனியாகப் புதைத்து, ஊறல் அங்கே இருக்கிறது என்று சாமுவேலிடம் மட்டும் சொன்னேன். இன்னொன்றைப் பனந்தோப்பில் புதைத்து இருசப்பனிடம் மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் போலீஸ் மதகடியைத் தோண்டியது. பனந்தோப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மீன் பிடிக்கலாம் என்று சாமுவேலை ஏரிக்கு அழைத்துப் போனேன், இருசப்பனும் கூட வந்தான். நல்ல வெயில்.

"நான் சொல்லலண்ணா. எம் பொண்டாட்டி மேரி மேல சத்தியமா சொல்லல."

கர்த்தர் மேல் சத்தியம் செய்யாமல் பெண்டாட்டி மேல் செய்கிறானே என்று அதையும் கவனித்து வைத்தேன். இருசப்பன் காலைப் பிடித்துக்கொண்டான், தலையை நான். தண்ணீர் முழங்கால் ஆழம்தான். போலீஸ் தோண்டிய குழி மூடாமல் கிடந்தது, அதனால் எங்களுக்கு வேலை மிச்சம். அவன் வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று மேரியிடம் சொல்லி, ஒரு மூட்டை நெல்லும் அனுப்பினேன். அந்த மாதிரி விஷயங்களில் நான் குறை வைப்பதில்லை.

அதற்கு ஐந்தாம் நாள் டீக்கடையில் உங்கள் ஏட்டையா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா பாண்டுரங்கா, எலுமிச்சம்பழம் வெக்கறத வுட்டுட்டியா? உன் பழம் இல்லாம நாங்க எங்கன்னு தோண்டறது? பேஜாரா கீது."

பானை புதைத்தால் மூடிய மண்மேல் எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி வைப்பது என் வழக்கம். பூசை போடாத ஊறல் பொங்காது. மதகடியில் புதைத்தது வெறும் பானைதான், ஆனாலும் பழகின கை வைத்துவிட்டது. பனந்தோப்புக்குப் போனபோது மடியில் பழம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். சாமுவேல் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அன்று சோறு பிடிக்கவில்லை.

ஏட்டையா சொன்னதைப் பக்கத்தில் நின்ற இருசப்பனும் கேட்டான். மறுநாள் காலையில் என் கொல்லைக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"அண்ணா, மேரி தெனம் வாலாஜாபாத் பஸ்ஸு நிக்கற எடத்துலயே குந்திக்கினு கீது. என்னால பாக்க முடியல. மேரியாண்ட சொல்லிடறேன். அப்பறம் ஸ்டேஷனுக்கும் போய்டறேன்."

"செரி, மொதல்ல குளிச்சிட்டு வா. நானும் கூட வரேன்" என்றேன்.

கிணற்றுப் படியில் அவன் குனிந்து தண்ணீர் மொண்டபோது கடப்பாரை என் கையில் இருந்தது.

சாமுவேல் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஐயா. அதை எந்தக் கோர்ட்டிலும் ஒப்புக்கொள்வேன். இருசப்பன் விஷயம் அப்படியில்லை. காட்டிக் கொடுக்கப் போகிறவன் அவன்தான் என்று அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கை வைத்தேன்.