கவுத்து வச்ச பூச்சட்டி

இல்ல மகன், நான் கேக்குறேன்... ராத்திரி கரண்டு நின்னு நின்னு போச்சுன்னு ட்ரெயிலரத் திரும்பக் காருல மாட்டிக்கிட்டுக் கெளம்புறதா? கொஞ்சம் நில்லுங்க! எங்க காணியில தங்க வர்றவங்க எல்லாரும் டென்ட் தூக்கிக்கிட்டுத்தான் வருவாங்க. சக்கரம் வச்ச வீட்டோட வந்த மொத ஆளே நீங்கதான். நீங்களே இப்புடி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனா, பெறகு யாரு வருவா?

இங்க மழை மேலேருந்து மட்டுமா வருது? பக்கத்துலருந்து வருது, கீழருந்து தெறிக்குது. கொரங்கு வேற! என் மிளகுக் கொடிய அதுக பண்ணியிருக்குற கோலத்தப் பாருங்க... சரி, அத விடுங்க.

எல்லாத்துக்கும் அந்தா நிக்கிறாரே, எங்க வீட்டு மனுசன், அவரத்தான் சொல்லணும். ஒங்க வயரும் எங்க வயரும் சேர்ற ப்ளக்கு இருக்குல்ல? தரையில கெடந்தா நனையும்னு அந்தப் பலாக்கட்டைக்கு மேல தூக்கி வச்சாரு. வயர ரெண்டு பக்கமும் தொங்க விட்டாரு, தண்ணி வழிஞ்சு கீழ சொட்டிருமாம். நல்லதுதான். ஆனா மேல எதக் கவுத்தாரு தெரியுமா? நான் உடுப்பு ஊறப்போடுற புது வாளிய!

நான் உடுவேனா? நேத்துப் பின்னேரமே எடுத்துட்டேன். சும்மா இல்ல மகன், பதிலுக்கு அந்தூரியம் இருந்த பூச்சட்டியக் கவுத்து வச்சேன். செடி செத்துப் போச்சு, சட்டி சும்மாதானே கெடக்கு? நல்ல கனம், காத்துக்கு அசையாது. "வாளி இருந்தவரைக்கும் ஒன்னும் ஆகல"ன்னு காலையிலருந்து முனகுறாரு. முனகட்டும்! இன்னைக்குத் தேத்தண்ணிக்குச் சீனியே போடல நான்.

ஒங்க வயருலதான் எங்கயாவது வெட்டு இருக்கும்... கோவிச்சுக்காதீங்க. வாங்க, காட்டுறேன். இந்தாங்க, ஒங்களத்தான்! மெயின் சுவிட்ச அணைங்க! அணைச்சாச்சா? சரி. பாருங்க மகன், சட்டியத் தூக்குறேன்...

அய்யய்யோ! ப்ளக்கு சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கே! சட்டி மூடியிருந்த எடத்துல ஓரமெல்லாம் காய்ஞ்சிருக்கு, நடுவுல மட்டும் எப்புடி...

என்ன மகன், சட்டியக் காட்டுறீங்க? உள்ள பாக்கணுமா?

...உள்ளால பாத்தா மேல மரத்துல பலா எல தெரியுது.

கடவுளே! இந்த ஓட்டைய நானே கேட்டு வாங்குனது மகன்! "தண்ணி வடியாத சட்டியக் குடுத்து ஏமாத்தப் பாக்குறியா"ன்னு முனாஸ் கடையில நின்னு சண்ட புடிச்சேன். பாவம், அந்த மனுசன் ஆணிய வச்சுத் தட்டித் தட்டி, பெரிசாவே போட்டுக் குடுத்துச்சு!

சிரிக்காதீங்க... சத்தம் கேட்டா அவரு வந்துருவாரு. இருங்க, உடுப்பத் தொட்டியில கொட்டிட்டு வாளியக் கொண்டாறேன். ப்ளக்கு நல்லாக் காயட்டும், அவசரப்பட்டு மாட்டிறாதீங்க. அட... ட்ரெயிலரக் கழட்டுறீங்களா? அப்ப இருக்கீங்களா! நல்ல பிள்ள!

இந்தாங்க! தேத்தண்ணி ஊத்துறேன், வாங்க! ...ஆமா, சீனி போட்டுத்தான்! ...ஏன்னு கேக்காம வந்து குடிங்களேன்!