தூங்கும் பிள்ளைகளுக்குக் காவல் இருந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் தோன் ரிகோபெர்த்தோ அவர்களே, நம் மலைக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் தோன் எலேசார் அவர்களே, பொதுச் சமையலறை அடுப்பை அணைத்துவிட்டுக் கை ஈரத்தோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, ஒரு காலத்தில் என்னிடம் கணக்கில் தோற்று இன்று இடுப்பில் குழந்தையோடு நிற்கும் என் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த மைக்கை இதுவரை என் கையில் கொடுத்ததெல்லாம் தேர்வு முடிவு வாசிக்கத்தான். இன்று, செனோபியா ஹுவர்காயா ஆசிரியை நம்மோடு இல்லை என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எப்படிச் சொல்வேன்? அவர் பெயருக்குப் பின்னால் 'இருந்தார்' என்று போட என் வாய் இன்னும் பழகவில்லை.

அவர் போய் இன்று ஐந்தாம் நாள். வழக்கப்படி காலையில் அவருடைய துணிகளைத் துவைத்தோம். ஊரில் என்றால் ஆற்றங்கரைக்குப் போயிருப்போம். ஆறில்லாத இந்த மலையில் லாரித் தண்ணீரில்தான் துவைத்தோம். முழங்கையில் ஒட்டுப்போட்ட அந்தப் பழுப்பு ஸ்வெட்டரும் இரண்டு பாவாடைகளும் முற்றத்துக் கொடியில் தொங்குகின்றன. லிமாவின் இந்தக் குளிர்காலத் தூறலில் அவை இந்த வாரம் காயாது. காயவே வேண்டாம் என்று இருக்கிறது எனக்கு. காய்ந்துவிட்டால் மடித்து யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமே!

என் வகுப்புக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். என் குரல் உங்களுக்குத் தெரியும். பின்னம் சொல்லிக்கொடுத்தால் அடிவாரத்து மீன் கடைவரை கேட்கும். குரல் எழும்பினால் போதும், சுவரில் தட்டு விழும். "வாத்தியாரே, கொஞ்சம் மெதுவா. பிள்ளைங்க தூங்குதுங்க." எத்தனை வருடம் அந்தத் தட்டலுக்கு முணுமுணுத்திருப்பேன்! ஐந்து நாளாக வேண்டுமென்றே கத்திப் பார்க்கிறேன். யாரும் தட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் தூங்குவதற்கு ஓர் அறையா என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். அந்த அறை எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, கொடி வணக்கத்தின்போது, நய்டா சுல்கா என்ற சிறுமி நின்றபடியே சரிந்து விழுந்தாள். இந்த மலையில் யார் விழுந்தாலும் நமக்கு முதலில் தோன்றுவது பசிதான். உடனே ஓட்ஸ் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார்கள். மறு வாரமும் விழுந்தாள். இன்னும் ஒரு கோப்பை கஞ்சி! நம் சமையலறைப் பெண்களின் மனசு பெரியது. ஆனால் பிள்ளைக்குத் தேவைப்பட்டது கஞ்சி இல்லை. செனோபியா மிஸ் அவளை ஓரமாக உட்காரவைத்து, ராத்திரி வீட்டில் யார் விழித்திருப்பது என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் மிஸ். நான் தூங்கிட்டேன்னா அப்பா அம்மாவ அடிப்பாரு. நான் முழிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா கொஞ்சம் கூச்சப்படுவாரு."

ஒன்பது வயதுப் பிள்ளை சொன்ன பதில் இது. நாம் அவளைச் சோம்பேறி என்றோம், மந்தம் என்றோம், முகத்தில் தண்ணீர் தெளித்தோம். அவளோ இரவெல்லாம் காவல் வேலை பார்த்துவிட்டு அப்படியே சீருடை போட்டு வந்திருக்கிறாள்!

பழைய நாற்காலிகள் அடைத்துக் கிடந்த அறையை அன்றைக்கே காலி செய்யச் சொன்னார் மிஸ். நான்கு பாய், ஆட்டுத்தோல் இரண்டு, ஒரு நாற்காலி. நாற்காலி அவருக்கு. ஒரு நய்டாதான் என்று நினைத்தோம். கதவு திறந்ததும் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வந்தார்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரையும் அவர் விசாரித்ததில்லை. பிள்ளை தூங்கி எழுந்து, தானாகப் பேசினால் கேட்பார். கேட்டபின் சும்மாவும் இருந்ததில்லை. எத்தனை தாய்மார்களைக் கைபிடித்துக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்! வீட்டுச் சண்டை, வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினால், வாசலிலேயே ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போவார். நய்டாவின் தாய் இன்று உயிரோடு, இதோ நம் நடுவே இருக்கிறார் என்றால், அந்தப் பிடிவாதம்தான்.

அந்தப் பிள்ளைகள் காலணியோடுதான் படுப்பார்கள். சத்தம் கேட்டதும் ஓட வேண்டுமே! கழற்று என்று மிஸ் ஒருநாளும் சொன்னதில்லை. வாரங்கள் போகும். ஒருநாள் ஒரு பிள்ளை தானாகவே கழற்றிவிட்டுப் படுக்கும். அன்று பள்ளி விட்டதும் வாசலில் எனக்கு எமோலியெந்தே வாங்கித் தருவார், அவர் செலவில். காரணம் கேட்டால் சிரிப்பார். அந்த மூலிகைத் தண்ணீர் இப்போதும் அதே வண்டியில்தான் விற்கிறது. இரண்டு கோப்பை ஊற்றட்டுமா என்று வண்டிக்காரர் நேற்றும் கேட்டார்.

எல்லாத் தாய்மார்களையும் காப்பாற்றினாரா? இல்லை. எட்சன் பாரியோனாவின் தாயை அவன் அப்பாவே கொன்றார். அடக்கம் முடிந்த மறுநாள் அந்தச் சிறுவன் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்து நின்றான். வேறு எங்கே போவான்? நண்பகலில் படுத்தவன் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. மிஸ் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

அதே எட்சன் வளர்ந்து, மீசை அரும்பிய வயதில், முற்றத்தில் ஒரு பெண்ணின் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தான். யாரோடு பேசினாய், செல்போனைக் காட்டு என்று மிரட்டினான். அடிக்கத்தான் கை ஓங்கினேன் நான். மிஸ் குறுக்கே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எட்சன், இது உன் கையா, உங்கப்பா கையா? நல்லாப் பாத்துச் சொல்லு."

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் மணிக்கட்டை விட்டுவிட்டு அழுதான். அடி வாங்கும் வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளை பயத்தைக் கற்றுக்கொண்டு வருகிறாள், ஆண்பிள்ளை அந்தக் கையைக் கற்றுக்கொண்டு வருகிறான். இரண்டையும் மறக்கடிக்கிற இடம் ஒன்று வேண்டாமா என்று அன்று என்னிடம் கேட்டார். எட்சன் இப்போது மோட்டோடாக்ஸி ஓட்டுகிறான். அவன் மகள் மாலையில் தூங்கினால் வண்டியை நூறடி தள்ளியே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறானாம். அவன் மனைவி சொன்னாள்.

ஒருமுறை இதே மன்றத்தில் மிஸ் ஒரு கோரிக்கை வைத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பொதுவேலைக்கு, படி வெட்டவும் கல் சுமக்கவும், வீட்டுக்கு ஒருவர் வருகிறோம் அல்லவா? அதுபோல அந்த அறையில் முறைவைத்து உட்கார்வதையும் பொதுவேலையாகச் சேர்க்க வேண்டும் என்றார். மன்றம் சிரித்தது. நாற்காலியில் உட்காருவது ஒரு வேலையா மிஸ் என்று தோன் எலேசார் கேட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள் தலைவரே, கேட்டீர்கள்.

"உக்கார்றது வேலையில்ல தோன் எலேசார், முழிச்சிருக்கிறதுதான் வேலை. அத இந்த மலையில பச்சப் பிள்ளைங்க செஞ்சுக்கிட்டிருக்கு. நம்ம முழிச்சிருந்தாத்தான் அதுங்க தூங்கும்."

சிரிப்பு நின்றது. தீர்மானம் மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. அவர் தனியாகவே உட்கார்ந்தார், நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கிய கடைசி மாதம்வரை.

அவரைக் கிடத்தியிருந்த ஞாயிறு மதியம் உங்களில் பலர் முகம் சுளித்தீர்கள். இறந்தவர் பக்கத்தில் கண் அயரக் கூடாது என்பது நம் முறை. அதற்குத்தானே காப்பி, கோக்கா இலை, சீட்டுக்கட்டு எல்லாம்! ஆனால் அந்த அறையில் வளர்ந்தவர்கள், நய்டா, எட்சன், இன்னும் எத்தனையோ பேர், வந்தார்கள், பூ வைத்தார்கள், பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பட்டப்பகலில் ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். மரியாதை தெரியாத ஜனம் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். எல்லாரும் காலணியைக் கழற்றி வைத்திருந்தார்கள். இதைவிடப் பெரிய மரியாதையை நான் எந்த மந்திரி சாவிலும் பார்க்கப்போவதில்லை.

தலைமையாசிரியர் அவர்களே, அன்பளிப்பாக வந்த கணினிகளுக்கு அந்த அறையை ஒதுக்கப்போவதாகச் சொன்னீர்கள். கணினி வரட்டும். என் வகுப்பில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், நெருக்கி உட்கார்ந்துகொள்கிறோம். அந்த அறையைத் தொடாதீர்கள். கணினி சில மாதம் காத்திருக்கும். விழித்துக் கிடக்கும் பிள்ளை காத்திருக்க முடியுமா?

தள்ளிப்போட்ட தீர்மானத்தை இப்போதே எடுத்துக்கொள்வோம். நாளை மதியம் அந்த நாற்காலியில் நான். நாளை மறுநாள் யார்? சத்தம் வேண்டாம், கையைத் தூக்கினால் போதும்.

நய்டா. எட்சன். சமையலறைப் பெண்கள் மொத்தமும். தோன் எலேசார், நன்றி தலைவரே. தலைமையாசிரியரின் கை பாதி உயரம் வந்திருக்கிறது. கணக்கு வாத்தியார் நான், அதை முழுதாகவே சேர்த்துக்கொள்கிறேன்.

செனோபியா மிஸ், உங்கள் இடத்தை நிரப்ப எங்களால் ஆகாது. உங்கள் வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

வேண்டாம், கைதட்டாதீர்கள். மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி, போன வாரம் சேர்ந்த ஒரு சிறுமி தூங்கிவிட்டாள். பெயர்கூட இன்னும் எனக்குத் தெரியாது. நாற்காலியை இழுக்காமல், மெதுவாக எழுந்து போங்கள். அவள் எழும்வரை நான் இருக்கிறேன்.