வாரோம்

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, ஐயா. யாராவது இனிக்க இனிக்கப் பேசினாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும். பெயர் ஆனந்த்ராஜ். எந்த ஊருக்கு டவுன்பஸ் விட்டால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே கணித்துக் கொடுக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் பதினாறு வருடமாக இருக்கிறேன். முன்பு ஒரு ஊருக்கு நான் கூட்டிச் சொல்லப்போய், பஸ்கள் காலியாக ஓடின. வெறும் பஸ் வந்தாலே "ஆனந்த்ராஜ் வாராரு" என்று டெப்போவில் சிரித்தார்கள். அந்த அவமானம் இன்னும் எரிகிறது.

அப்புறம் சின்னாளப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் நூல் மில்லுக்குப் பஸ் விடலாமா என்று எங்களைக் கேட்டார்கள். மில் பெண்கள் குட்டியானை வண்டியில், சரக்கு ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். என்னிடம் வேலை பார்க்கும் அறிவுச்செல்வி அவர்களிடம், "பஸ் விட்டா வருவீங்களா?" என்று கேட்டாள். நானும் கூட இருந்தேன். செபஸ்தியம்மாள் என்ற பெண் தூக்குவாளியைக் கையில் மாட்டிக்கொண்டு, "வாரோம்ப்பா" என்று சொல்லியபடியே நடந்துவிட்டாள். முன்னூற்று இருபது பேரில் இருநூற்றுப் பத்துப் பேர் சொன்னது இதைத்தான்.

அறிவுச்செல்வி அத்தனையையும் 'ஆம்' என்று குறித்திருந்தாள். எங்கள் பக்கம் விடைபெற்றுக் கிளம்புகிறவர்களும் 'வாரோம்' என்றுதான் சொல்வார்கள். நான் அதை விடைபெறுகிற 'வாரோம்' என்றே எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் 'இல்லை' என்று திருத்தினேன்.

"சார், ஏறுறோம்னுதான் சொன்னாக. சந்தேகமா இருந்தா கூடுனா இம்புட்டு, கொறஞ்சா இம்புட்டுன்னு ரெண்டையும் எழுதிக் குடுப்போம். ஒரு மாசம் ஒத்த பஸ்ஸ விட்டுப் பாக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். அதனாலேயே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. அவள் நேரே போக்குவரத்து அதிகாரிகளிடம் போய்ப் பேசி, சோதனைக்கு ஒரு பஸ்ஸை வாங்கியும் விட்டாள். நேரம் குறிக்கும் வேலை மட்டும் என்னிடம் வந்தது.

மில் ஷிப்டு ஆறு மணிக்கு முடியும். பஸ்ஸை ஐந்தே முக்காலுக்கு எடுக்கும்படி எழுதினேன். கைப்பிழை என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். பிழை இல்லை. பதினெட்டு நாளும் பஸ் வெறுமனே போனது. பதினெட்டு நாளும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஒருநாள் செபஸ்தியம்மாள் மில் வாசலில் என்னை மறித்து, "செத்த பொறுத்து எடுத்தா நாங்க அம்புட்டுப் பேரும் ஏறிருவோம் அப்பு" என்று கெஞ்சினாள். பார்க்கலாம் என்றேன். ஏறிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நேரத்தை மாற்றவில்லை.

பத்தொன்பதாம் நாள் குட்டியானை கவிழ்ந்தது. ஏழு பேர் போய்விட்டார்கள். செபஸ்தியம்மாளும் ஒருத்தி. வண்டி ஓட்டிய ஆரோக்கியதாஸை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அத்தனை பேரை ஏற்றியது அவர் தப்புதான். அவர்களுக்கு வேறு வண்டி இல்லாமல் செய்தது நான்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாளே பஸ்ஸை ஆறேகாலுக்கு மாற்றினேன். "மில்லே லீவு சார். எல்லாரும் கல்லறைக்குப் போயிருக்காக" என்று அறிவுச்செல்வி அழுதாள். நான் மில் வாசலில் நின்று எண்ணினேன். ஒருவர்கூட ஏறவில்லை. என் கணிப்பு சரிதான், ஐயா.