நாலாவது ஆமை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். சேவூர் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் நெசவாளிகள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“இன்னா மச்சான், பஸ் ஸ்டாண்டுல கீற நட்சத்திர ஆமைப் போஸ்டர் உன் பொண்ணு வரைஞ்சதாமே? பார்டர்ல நாலாவது ஆமைய உட்டுட்டாளே! நெய்யறவன் வீட்டுப் பொண்ணு இப்பிடியா டிசைன் போடும்?”

“அந்தக் காலி எடத்துக்குக் கீழ எழுதிகீறத படிச்சியா?”

“‘இதைப் பிடித்து விற்றுவிட்டார்கள்’னு போட்டுகீது.”

“காலியா உட்டாதான் நம்மாளுங்க தப்புன்னு நின்னு பார்ப்பாங்கன்னு சொன்னா. நீ நின்னியா இல்லியா?”

“நின்னேன். எங்க வீட்டு தொட்டியில அதே ஜாதி ஆமை ஒண்ணு கீது, மச்சான். அதிர்ஷ்டம்னு வாங்கினேன். இப்ப அதப் பார்க்கவே ஒரு மாதிரி கீது.”

“ஜல்தியா ஃபாரஸ்ட் ஆபீஸ்ல குடுத்துடு. என் பொண்ணு ஜெயிச்சிட்டாடா!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை, வீட்டில் ஆமை வைத்திருந்தவர் மட்டும் வந்தார். மடியில் மூடிய கூடையோடு, ஃபாரஸ்ட் ஆபீஸ் ஸ்டாப்பிங்குக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்.