ஐயாவுக்கு ரெண்டு வார்த்தை

இன்னைக்கு எந்தக் கேசும் நடக்காதாம்னு கோர்ட்டுப் படியில யாரோ சொல்லிட்டு எறங்குனாங்க. நான் நம்பலம்மா. ஒருத்தர் செத்துட்டா லீவு விட இது என்ன பள்ளிக்கூடமான்னு நெனச்சேன். இங்க வந்து பாத்தா ஹால் பூரா கறுப்புக் கோட்டு, மேடையில மால போட்ட அரசு வக்கீல் ஐயா போட்டோ, இரங்கல் கூட்டமாம்.

உக்காருங்க, இங்க யாரும் வரல. நீங்களும் வக்கீலா? சின்னப் புள்ளையா இருக்கீங்க... இல்லம்மா, நான் அழல.

நான் சாட்சி. எம் புருஷனக் குத்திக் கொன்ன கேசு. கண்ணால பாத்தவ நான் ஒருத்திதான். இன்னைக்குக் கூண்டேறி ஆளக் காட்டணும். அதுக்குள்ள ஐயா நெஞ்சு வலின்னு போய்ட்டாரு. அவனா? ஜாமீன்ல வெளிய வந்து, இந்த ஹால்லதான் உக்காந்திருக்கான். பேரு கேக்காதீங்கம்மா, இப்ப வாயில வராது.

சட்டப்புலி, சிங்கம்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. போன வாரம் யாருமில்லாத கோர்ட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் என்னக் கூண்டுல நிக்க வெச்சாரு. அவன் நிக்கப்போற எதிர்க்கூண்டப் பாத்ததுமே, எறங்கிடுறேங்கய்யான்னுட்டேன். ஐயா நேரா நடுவுல வந்து நின்னுக்கிட்டு, இப்பத் தெரியுதான்னாரு. தெரியலங்கய்யா, உங்க தொப்பைதான் தெரியுதுன்னு சொல்லிட்டேன். மனுஷன் அப்படிச் சிரிச்சாரு. வீட்டம்மா இதக் கொறைக்கச் சொல்றா, உன் கேசு முடியட்டும்னாரு. நான் இப்படியேதான் நிப்பேன், நீ என் மூஞ்சிய மட்டும் பாத்துச் சொல்லுன்னாரு.

மைக்கப் புடிச்சவங்க ஒருத்தராவது அதச் சொன்னாங்களா?

புது வக்கீலையும் பாத்தேன். ஒட்டடக்குச்சி மாதிரி இருக்காரு. ஃபைல விட்டுக் கண்ண எடுக்காம, அடுத்த வாய்தாவுக்கு வாம்மாங்கறாரு. அது எத்தன மாசமோ! அதுவரைக்கும் நான் தாங்கமாட்டேம்மா. பாக்கலன்னு சொல்லு, பாக்கலன்னு சொல்லுன்னு தெனம் ஓதுறாங்க. சோறு போட்டுக்கிட்டே ஓதுறாங்க. நானும் மனுஷிதானே, ஒரு நாள் சரின்னுடுவேன். இன்னைக்கு வண்டியில வரும்போது கூட அதே பேச்சுதான்.

யாரா? எங்க அண்ணன். அந்தா, மூணாவது வரிசையில திரும்பித் திரும்பிப் பாக்குதே, அதான். அது வீட்லதான் இருக்கேன். வேற போக்கிடம் ஏது? பாசத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. சின்னதுல என்னத் தோள்ல... சரி, விடுங்க.

பொதுமக்களும் பேசலாம்னாங்கல்ல? பேர் குடுத்திருக்கேன். அண்ணனே சொல்லுச்சு, போய் ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லிட்டு வா, பாக்குறவங்களுக்கு மரியாதையா இருக்கும்னு.

ஏம்மா, இங்க சொன்னா சாட்சியில சேராதா? சேராட்டிப் போகுது. ஜட்ஜுலேர்ந்து டீ குடுக்குறவரு வரைக்கும் காதுல விழுந்தப்புறம், நானே நெனச்சாலும் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல?

கூப்பிடுறாங்க. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க. மாத்துத் துணி இருக்கு. திரும்பி அந்த வீட்டுக்குப் போகல.

கேக்குதுங்களா? எல்லாருக்கும் வணக்கம். ஐயா இன்னைக்கு எங்கிட்ட ஒரு கேள்வி கேக்குறதா இருந்தாரு. பதிலச் சொல்லிட்டுப் போறேன். எம் புருஷனக் குத்துனது எங்க அண்ணன். நான் பாத்தேன்.