இருமல் ரெக்கார்டு

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதுவது பாவமோ என்று பல வருஷம் தயங்கினேன். ஆண்டவன் மன்னிக்கட்டும். திருவாரூரிலிருந்து நாகூர் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவரும் அவர் மைத்துனரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என் இருமலுக்கு லண்டன்ல ஆடுறாங்களாம், மச்சான்."

"நீங்க இருமுனா வீட்ல ஒருத்தரும் தூங்க முடியாது. அங்க ஆடுறாங்களா?"

"மகன் புதுசா ரெக்கார்டு போட்டிருக்கான். ஹவுஸ் மியூசிக்காம். பாட்டு கிடையாது. ஒரே தாளம், நடுவுல என் இருமல், அவ்வளவுதான்."

"உங்க இருமல் அவன்கிட்ட எப்படிப் போச்சு?"

"அப்பல்லாம் லெட்டருக்குப் பதிலா கேசட்ல பேசி அனுப்புவோம்ல? உங்கக்காதான் பேசுனா. நம்ம கடையை விட்டுட்டு லண்டன் போனவன்கிட்ட எனக்கென்ன பேச்சுன்னு நான் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன். இருமல் மட்டும் பதிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை பேசியிருந்தா அதைப் போட்டிருப்பான்."

"இப்பவாவது போன் போட்டுப் பேசுங்களேன்."

"நேத்து போட்டேன். எடுத்தான். எனக்கு இருமல்தான் வந்துச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"'அத்தா'ன்னு கூப்பிட்டான். நான் வச்சிட்டேன்."

நாகூரில் இறங்கி அப்பனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். இதை யாரிடமாவது சொன்னால் நான் கேட்டபடியே சொல்லுங்கள். கடைசியில் அவர் பேசிவிட்டார் என்று நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.