ஆறாம் நம்பர் கிணறு

பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று யார் சொன்னது? கிட்டே வந்து உட்காருங்கள். இது பட்டப்பகல், மணி இரண்டு. பாலோ ஊருக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் சாலை... ஆள் நடமாட்டமே கிடையாது. அந்த வழியே போனவர் என் நண்பன் தீபனின் மைத்துனர் சுகுமாறன். கிணற்றுத் தண்ணீரில் களைக்கொல்லி கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தண்ணீர் பிடித்து வருவது அவர் பொறுப்பு.

அன்றைக்கு அவருக்கு அங்கே போகவே மனசில்லை. ஏன்?

போன வருடமும் அதே ஆறு கிணறுகள்தான். ஐந்து முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கடைசி வீட்டுப் பாதை ஒரே சேறு. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஐந்தாம் கிணற்றுத் தண்ணீரையே இன்னொரு போத்தலில் பிடித்து, 'ஆறு' என்று எழுதி ஒட்டிவிட்டார். சுத்தம் என்று முடிவு வந்தது. ஆறாம் வீட்டுச் செல்வராணி போன் போட்டுக் கேட்டார்.

"குடிக்கலாமா தம்பி? ஒரு மாதிரி வாடை வருது."

"அலமாக், ரிப்போர்ட்டே வந்துருச்சுக்கா. தாராளமா குடிங்க."

ஏழு மாதத்தில் செல்வராணி போய்ச் சேர்ந்தார். சிறுநீரகம் என்றார்கள். சுகுமாறன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாவுக்குக்கூடப் போகவில்லை. என்னால்தான், என்னால்தான் என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த முறை ஐந்தையும் முடித்துவிட்டு ஆறாவதுக்கு நடந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. கதவில், போன வருடம் சுத்தம் என்று வந்த அந்த ரிப்போர்ட்... நனையாமல் இருக்க பிளாஸ்டிக் போட்டு ஒட்டியிருந்தது. கிணற்றை நெருங்கியதும் களைக்கொல்லி மருந்து வாடை குப்பென்று அடித்தது.

சளக்...

போத்தலை அலசி ஊற்றும் சத்தம். சளக்... சளக்... சரியாக மூன்று தடவை. பிடிக்கும் முன் அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும், அதுதான் கூடத்து விதி. கிணற்றடியில் ஆளே இல்லை! மனுஷன் தண்ணீர் பிடிக்காமலே காருக்கு ஓடினார்.

போத்தல்கள் இருந்த ஐஸ் பெட்டியைக் கூடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உள்ளே ஐந்து போத்தல்தான், எண்ணி வைத்தவர் அவர். சற்று நேரத்தில் கூடத்துப் பெண் லோஷினி கூப்பிட்டாள்.

"அண்ணே, ஆறாவது போத்தல்ல போன வருஷத் தேதி போட்டிருக்கீங்களே? உங்க எழுத்துதான். மூடி போட்டிருந்தும் மருந்து வாடை தாங்கல லா. டெஸ்ட் பண்ணவா?"

உண்மை அவர் வாய் வரைக்கும் வந்தது.

"வேணாம்... கொட்டிரு."

போனை வைத்தார். எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மனைவி ஷர்மினி திரும்ப இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் அவர் மட்டும்தான்.

சமையலறையில்... சளக். சளக். சளக். அப்புறம் ஒரு டம்ளர் மெல்ல நிறையும் சத்தம்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்க தம்பி."